ஈஸ்டர் பாட்டு தாண்டிப் போன வீடு

போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். விடிவதற்கு முன்பே நீலசந்திரா ஏரியாவின் ஒரு சந்தில், கையில் பாட்டுப் புத்தகத்தோடு நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்கிறீர்களா? எங்கள் சபைப் பாடகர் குழுவில் கட்டைக் குரலுக்கு வேறு ஆள் கிடையாது. அதனால்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஈஸ்டர் அன்று இருட்டு பிரியுமுன் கிளம்பி, சபையாரின் வீடு வீடாகப் போவோம். வாசலில் ஒரு பாட்டு. பிறகு எல்லோரும் சேர்ந்து, 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!' என்போம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!' என்று பதில் சொல்ல வேண்டும். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் உளறுவார்கள். போன வருஷம் ஒருவர் 'ஹாப்பி கிறிஸ்துமஸ்' என்றே சொல்லிவிட்டார்!

இயேசு மரித்த பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை... அந்தக் களைப்பே இன்னும் தீரவில்லை. சனிக்கிழமை சிவாஜிநகர் மட்டன் கடைக் கூட்டத்தில் இடிபட்ட தோள் வலி வேறு. ஐம்பதைத் தாண்டிய உடம்பு, எவ்வளவுதான் தாங்கும்?

உண்மையைச் சொன்னால், அலுப்பு உடம்பில் மட்டும் இல்லை. கொஞ்ச காலமாகவே எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது. சண்டை எதுவும் கிடையாது. ஆபீஸ், பஸ், பவர் கட், டிகிரி முடித்தும் வேலை கிடைக்காத மகன்... படுக்கும்போது மனப்பாடமாக ஒரு ஜெபம், அதோடு சரி. ஹாலில் மாட்டியிருக்கும் அப்பாவின் போட்டோவைத் துடைத்து வைப்பதுபோலத்தான். மரியாதை உண்டு, பேச்சு கிடையாது.

சரி, சந்துக்கு வருவோம். எஸ்.டி.டி. பூத்தை ஒட்டி ஸ்டெல்லாவின் வீடு. கார்மெண்ட்ஸ் பாக்டரியில் தையல் வேலை பார்க்கிறாள். போன மழைக்காலத்தில் அவள் கணவன் செல்வராஜ் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். நாற்பது வயதுகூட இல்லை.

அவள் வீட்டை நெருங்கியதும், குழுச் செயலாளர் டேனியல் கையைக் காட்டினார் — சத்தம் போடாமல் தாண்டிப் போங்கள் என்று. இதுவும் எங்கள் வழக்கம்தான். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பாட்டு, பண்டிகை எதுவும் கூடாது. கிறிஸ்துமஸுக்கும் இப்படித்தான் தாண்டிப் போனோம். செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தோம்.

கதவு திறந்தது.

"இன்னாண்ணா, எங்க வூட்ட மட்டும் தாண்டிப் போறீங்க?"

டேனியலுக்கு நாக்கு குழறியது. "இல்லம்மா... வருஷம் திரும்பலியே. துக்க வூடு. பாடினா உனக்கு மனசு கஷ்டமாயிடுமேன்னு..."

"செத்தவரு எழுந்துட்டாருன்னுதானே சொல்லிக்கினு போறீங்க? அத சாவு வுழுந்த வூட்ல சொல்லாம, வேற எங்கண்ணா சொல்லுவீங்க?"

இத்தனை வருஷமாகத் தெருத் தெருவாகப் பாடுகிறோம். இது எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா?

பாடினோம். எதிர்வீட்டு கன்னடக்காரர் ஜன்னலைத் திறந்து, "ஏன் சார், இஷ்டு பேகா? இவ்வளவு சீக்கிரமாவா?" என்று ஆரம்பித்தவர், ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டார். பாட்டு முடிந்து, 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்றோம். குரல் ஏனோ எழும்பவில்லை.

ஸ்டெல்லா பதில் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மெய்யாவா?" என்று கேட்டாள்.

டேனியல் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"மெய்யாத்தாம்மா," என்றார் டேனியல்.

"அப்ப சரி. எனக்கு அவருகிட்ட பேசணும்." அண்ணாந்து பார்த்தாள். "உயிரோட கீறியா? அப்ப கேளு. ஆஸ்பத்திரி வராண்டாவுல மண்டி போட்டுக் கெஞ்சினேனே, அப்ப எங்க போயிருந்த? ஊருக்கெல்லாம் சொகம் குடுத்தியே, என் வூட்டுக்காரருக்குக் குடுக்க உனக்கு இன்னா கஷ்டம்? பதில் சொல்லு!"

"ஆண்டவர அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா..." என்றார் டேனியல்.

"நீ சும்மா இருண்ணா. நான் உன்கிட்ட பேசல."

அப்புறம் உடைந்து அழுதாள். குழுவிலிருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் கட்டைக் குரல் இல்லாமலேதான் பாடினார்கள்.

நடந்துகொண்டே யோசித்தேன். சாவு வீட்டுக்குப் போய் வருவது நமக்குப் பழக்கம். உட்கார்ந்து, அழுது, எழுந்து வந்துவிடலாம். படுத்திருப்பவர் நம்மை ஒன்றும் கேட்கப்போவதில்லை. அதனால்தானோ என்னவோ, பெரிய வெள்ளி நமக்கு இவ்வளவு நன்றாக வருகிறது! உயிரோடு இருப்பவர் என்றால்தான் சிக்கல். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். கோபம் இருந்தால் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் உயிர்த்தெழுந்தார் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனது நாங்கள். அதை நம்பி அவரைக் கேள்வி கேட்டது அவள் ஒருத்திதான்.

புதன்கிழமை பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். கையில் டிபன் டப்பா, கண்ணில் தூக்கமில்லை.

"சண்டை தீர்ந்துதாம்மா?"

"எங்கண்ணா தீருது... தெனம் நடக்குது. நானும் வுடல, அவரும் எழுந்து போவல." லேசாகச் சிரித்தாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அன்று படுக்கும்போது மனப்பாட ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். சொந்தமாக என்ன பேசுவதென்று தெரியவில்லை. "ரொம்ப அலுப்பா இருக்கு ஆண்டவரே," என்று மட்டும் சொன்னேன்.

போட்டோவிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா?