ஆளில்லாத நிலையத்தில் என் கணவர்

ஜப்பானில் கணவரை ஒரு ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவள் என்று ஆக்லாந்தில் எங்கள் லின்ஃபீல்ட் பகுதி நண்பர்கள் இன்றும் என்னைக் கேலி செய்வார்கள். விட்டது உண்மைதான்.

மகள் படிக்க வெலிங்டன் போன வருடம், நாங்கள் இருவர் மட்டும் முதன்முறையாகப் பயணம் கிளம்பினோம். நான் மதுரை, அவர் யாழ்ப்பாணம். ஈஸ்ட் டாமாக்கிப் பகுதியில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். ஆக்லாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும், ஆங்கிலத்தில் வாய் திறக்கும் முன் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

அன்று ஒரு கோட்டையைப் பார்க்க நாங்கள் ஏறியது ஒற்றைப் பெட்டி ரயில். வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊரில், எதிரே வரும் வண்டிக்காக நின்றது. அந்த நிலையத்தில் ஊழியர் யாரும் கிடையாது. மரத்தாலான காத்திருப்பு அறை, பக்கத்தில் கழிப்பறை, அவ்வளவுதான்.

"மற்ற ரயில் வாறதுக்கிடையில ஓடிப் போட்டு வாறன்" என்று இறங்கினார். ஃபோனும் ஜாக்கெட்டும் இருக்கையிலேயே கிடந்தன. எதிர் வண்டி வந்தது. எங்கள் கதவு மூடியது.

ஓட்டுநரிடம் ஓடிக் கையால் விளக்கினேன். அடுத்த நிலையத்தில் அவர் என்னை இறக்கி, திரும்பும் வண்டியின் நேரத்தை ஒரு தாளில் எழுதித் தந்தார். ஒன்றரை மணி நேரம் இருந்தது. அங்கேயும் ஆளில்லை. குளிர்கிறதே, ஜாக்கெட் இல்லாமல் என்ன செய்வார், தண்டவாளத்தோடு நடந்து வரத் துணிந்துவிடுவாரோ என்று அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

திரும்பிப் போய் இறங்கியபோது, பிளாட்பாரத்தின் ஓரத்தில் மண்டியிட்டுப் பூச்செடி நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு ஜப்பானியப் பெண்மணி, எதிர்வீட்டுக்காரராம். நிலையத்தைப் பெருக்கி, பூச்செடிகளைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய கம்பளிச் சட்டை என் கணவர் தோளில் இருந்தது.

"என்னங்க பண்றீங்க? நான் அங்க உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீர் வருவீர் எண்டு தெரியும். இன்னும் நாலு கண்டுதான், கொஞ்சம் இரும்."

இருந்தேன். அவர் குழி தோண்டிக்கொண்டே அந்த அம்மாவிடம் தமிழில் எதையோ சொன்னார். அவர் ஜப்பானிய மொழியில் பதில் சொல்லிச் சிரித்தார். இப்படி ஒரு வேற்று மனுஷியிடம் அவர் வளவளவென்று பேசி நான் பார்த்ததே இல்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த வண்டியில் ஏறியதும் கேட்டேன். "தமிழ்லயா பேசுனீங்க?"

"ஓம். இங்கிலிஷ் கதைச்சாலும் அவவுக்கு விளங்காது. பிறகென்னத்துக்குக் கஷ்டப்படோணும்?"

அந்த அம்மாவின் மகன் பட்டணத்தில் இருப்பதையும், அவருக்கு முழங்கால் வலி என்பதையும், போன வருடம் பூச்செடிகளைப் பனி தின்றுவிட்டதையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னவ" என்றார்.

பார்க்கப் புறப்பட்ட கோட்டையை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மூடிவிடுவார்கள். ஜாக்கெட்டை அவர் மேல் போர்த்திவிட்டு, மீதிக் கதையையும் கேட்டுக்கொண்டு வந்தேன்.