கோயில் பார்க்கிங்குக்குத் தூக்கிய கை

எங்கள் ஊர் திகாம் பத்து பக்கம் புது தாமான் குடியிருப்பு கட்டும் நிறுவனம், சாலை வசதிக்கென்று ஒரு தொகை கொடுக்கிறது. எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்க இன்று கோயில் மண்டபத்தில் கூட்டம்.

"பெரிய ரோட்ட தாண்ட ஒரு சிக்னல் லைட் போடுங்கண்ணே" என்று கேட்டேன்.

கோயிலும் ஃபேக்டரி பஸ் நிற்கும் இடமும் எங்கள் வீடுகளுக்கு எதிர்ப்பக்கம். விடியுமுன்னே லாரிகளுக்கு நடுவில் ஓடித்தான் பஸ் ஏறுகிறோம். போன மாதம் அங்கேதான் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவை மோட்டார் சைக்கிள் இடித்தது.

கோயில் தலைவர் சொன்னார்: "திருவிழாவுக்கு காடி நிறுத்த இடமில்லம்மா. பார்க்கிங் போட்டுருவோம். சம்மதம்னா கைய தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். ஒரு கையில் மாவுக்கட்டோடு இருந்த லெட்சுமி அக்கா, மறு கையைத் தூக்கினார்.

"என்னக்கா நீங்களுமா?"

"சாமி முன்னால உக்காந்துகிட்டு எப்படி லா வேணாம்னு சொல்றது?"

வீடு திரும்ப அதே ரோட்டோரம் இருவரும் நின்றோம். லாரிகள் விடவே இல்லை. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "முருகா" என்றார். ஓடினோம்.

முருகனைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்.