வலத்தோளில் வைத்த பூ

நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் காளியம்மைக்குப் பூசை செய்துவந்தவர் தீர்த்தகிரி. சாமை விதைப்பார், புளி உலுக்குவார், செவ்வாய்தோறும் நீராடி அம்மைக்கு விளக்கேற்றுவார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரார் அவரைப் புகழ்வர்.

எழுபத்தெட்டாம் ஆண்டு வைகாசியில் ஆலங்காயத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மலையடியிலிருந்து ஊர்வரை கிடந்த மண்பாதைக்குத் தார் போட அரசு இசைந்திருந்தது; வழியோரப் புளியமரங்களை வெட்ட ஊர் ஒப்பவேண்டும்.

"இன்னிக்கே சொல்லிடுங்க. மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம். இல்லன்னா ரோடு வேற ஊருக்குப் போய்டும்," என்றார்.

"தாரு போட்டா லாரி வரும். லாரி வந்தா காட்டுல ஒரு மரம் நிக்குமா?" என்றார் லட்சுமணன். அவர் தீர்த்தகிரியின் மூத்த பங்காளி.

"ஒனக்கு நோவு வந்தா புளியமரமா தூக்கினு போவும்?" என்று லட்சுமணனின் மனைவியே கேட்டாள். கூட்டம் சிரித்தது, ஆயினும் ஊர் இரண்டுபட்டே நின்றது.

தீர்த்தகிரியின் மனைவி பாஞ்சாலை கருவுற்றிருந்தாள், ஐப்பசியில் பேறு. முன்பு இரு மகவும் இறந்தே பிறந்தன. இம்முறை ஆஸ்பத்திரியில்தான் பெறவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார். ஐப்பசிச் சேற்றிலோ ஜீப் ஏறாது.

ஊர் ஒருமனப்படாதபோது அம்மையிடம் பூக் கேட்பது அங்கே மரபு. நீர் தோய்த்த அரளிப்பூ இரண்டை அம்மையின் இரு தோளிலும் பூசாரி ஒட்டிவைப்பார். வலப்பூ முதலில் விழுந்தால் இசைவு. இடப்பூ விழுந்தால் மறுப்பு. அகல் அணையுமட்டும் எதுவும் விழாவிடில் உள்ளது உள்ளபடியே இருக்கவேண்டும்.

அம்மை முன் அகலேற்றித் தீர்த்தகிரி பூவை எடுத்தபோது லட்சுமணன் குரல் கொடுத்தார்: "இன்னாடா தீர்த்தகிரி, பொண்டாட்டிக்கோசரம் ஆத்தாளையே ஒரு பக்கமா சாய்ச்சிடாத!"

மறுபடியும் சிரிப்பு. தம் ஆசையே பூவைத் தள்ளிவிடுமோ எனத் தீர்த்தகிரி அஞ்சினார். வழக்கத்தினும் மிகுதியாய் நீர் தோய்த்து, இரு பூவையும் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். கையை எடுத்த கணமே தம் பிழை அவருக்கு விளங்கிற்று. ஆனால் வைத்த பூவை மீண்டும் தொடலாகாது.

எண்ணெய் குறைந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். காற்று வந்தது, வேப்பிலைத் தோரணம் ஆடிற்று, பூ அசையவில்லை. கூப்பிய கையோடு நின்ற பூசாரியின் கண்முன்னே அகல் அணைந்தது. ஜீப் இறங்கிப் போயிற்று.

"வுழுலியா?" என்றாள் பாஞ்சாலை, வீடு திரும்பியவரிடம்.

"வுழுல. நான்தான் அழுத்தி வெச்சிட்டேன்."

"ஏன்?"

"தள்ளி வுட்டேன்னு சொல்லிடுவாங்களேன்னு."

அவள் அவர் விரல்களையே பார்த்திருந்தாள்.

ஐப்பசியில், மழை ஓயாத ஒரு காலையில், பாஞ்சாலைக்கு நோவு கண்டது. கம்பில் கம்பளியைத் தூளியாய்க் கட்டி அவளைத் தூக்கினார்கள். முன்கம்பு தீர்த்தகிரியின் தோளில். பின்கம்புக்கு லட்சுமணன், கேளாமலே வந்து தோள் கொடுத்திருந்தார். முழங்கால்வரை செஞ்சேறு. அடிவாரத்தில் ஆஸ்பத்திரி ஜீப் ஒன்று காத்து நின்றது. அதன் ஹாரன் ஒலி மழையூடே மெல்லக் கேட்டது.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்றாள் கம்பளிக்குள்ளிருந்து.

"வந்துட்டோம், தாயீ," என்றார் லட்சுமணன்.

"நீ சொல்லு," என்றாள் அவள், கணவனிடம்.

தீர்த்தகிரி கீழே பார்த்தார்.

"பாதிகூட வர்ல," என்றார்.