இரண்டு மணி, குறிப்பு ஏதுமில்லை

ஒருவர் மேல் காட்டிய இரக்கமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லுமானால், இரக்கம் காட்டியவர் அப்புறம் யார்? காவல் நிலைய ரைட்டரின் வாழ்க்கை கடைசியில் இந்தக் கேள்வியின் முன்னால் வந்து நின்றது. அதற்கு முன்பு அதில் கேள்வி என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. ஒரு பணிப் பதிவேடு, ஒரு நீலப் பேனா, முதுகுவலிக்காக நாற்காலியில் ஒரு தலையணை. இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

நிலையத்துக் காவலர்கள் எத்தனை மணிக்குப் பணிக்குப் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று எழுதுவது அவர் வேலை. பணி முடிந்தவர் நிலையத்துக்கு வந்து முகம் காட்டிய பிறகுதான் 'திரும்பினார்' என்று எழுத வேண்டும், அதுதான் விதி. ரைட்டர் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார். நாற்சந்தியில் எட்டு மணி நேரம் வெயிலில் வெந்தவன், முகத்தைக் காட்டுவதற்காக இரண்டு பேருந்து மாறி வரவேண்டுமா என்பது அவர் கட்சி. மாற்று ஆள் போய்ச் சேரும் நேரம் ஆனதும், 'இரண்டு மணி. திரும்பினார். குறிப்பு ஏதுமில்லை' என்று எழுதிக் கோடு போட்டுவிடுவார். ஆள் நேரே வீட்டுக்குப் போய்விடலாம். "நம்ம ரைட்டர் எழுதினா வராதவனும் வந்தவன்தான்" என்று காவலர்கள் சிரிப்பார்கள்.

அவரை நல்லவர் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் சோம்பலும் கலந்த நல்லதனம் என்றால் இன்னும் சரியாக இருக்கும். கோடு போட்டுவிட்டால் அவரும் நேரத்துக்குச் சாப்பிடலாம் அல்லவா.

அந்த நிலையத்தில் நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் காவலர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் மதியம் மாற்று ஆள் வராததால், இரண்டு மணிக்குப் பிறகும் நாற்சந்தியிலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு முப்பத்தைந்துக்கு, பிரேக் பிடிக்காத லாரி ஒன்று அவர் மேல் ஏறியது. ரைட்டர் அப்போது சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். பதிவேட்டின்படி, நெட்டையன் முப்பத்தைந்து நிமிடத்துக்கு முன்பே திரும்பிவிட்டார்.

உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மூன்று மாதத்துக்குள் மறுவாழ்வுப் பயிற்சி மையத்தில் சேர்த்தால் உட்காரவாவது பழக்கலாம், தாமதித்தால் அதுவும் கிடையாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். துறை பதிவேட்டைப் பார்த்தது. பணி நேரத்தில் நடந்ததல்ல என்று கைவிரித்துவிட்டது. மிஞ்சியது காவலர் குடும்ப உதவிச் சங்கம் ஒன்றுதான். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நகரத்து வணிகர்கள் சிலரும் சேர்ந்து நடத்துவது. நொடித்துப்போன பல காவலர் குடும்பங்களுக்கு அங்கே விண்ணப்பம் எழுதித் தந்தவர் இதே ரைட்டர்தான். கேட்கக் கூசுகிறவர்களை, "கேக்கறதுல என்னய்யா கூச்சம், கைகால் நல்லா இருந்தப்ப நீயும் குடுத்தவன்தானே" என்று அதட்டி உட்கார வைத்து எழுதுவார். நெட்டையனுக்கும் எழுதினார். 'விபத்தின்போது பணியில் இருந்தாரா' என்ற இடத்தில் 'ஆம்' என்று போட்டார்.

பதினைந்து நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. கூடவே பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் ஒரு கேள்வியும்: இரண்டு மணிக்கே நிலையம் திரும்பியவர், இரண்டு முப்பத்தைந்துக்குச் சீருடையோடு நாற்சந்தியில் என்ன செய்துகொண்டிருந்தார்?

தெருவில் அதற்குப் பதில் தயாராக இருந்தது. ரைட்டர் அந்த வீட்டுக்குப் போனபோது, நெட்டையனின் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கணவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். அப்படியும் முதுகில் புண் வந்துவிட்டது.

"காசு வராட்டிப் போகுதுன்னு சொல்ல எனக்கு வக்கு இல்லண்ணே, அதுவும் வேணும்" என்றாள். "ஆனா லாரிக்காரங்ககிட்ட கைநீட்டத்தான் அங்க நின்னாருன்னு பேசறாங்க. இவருக்குக் காலுதாண்ணே போச்சு. காது போகல."

நெட்டையன் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். "ரைட்டர் சார்," என்றார் மெதுவாக, "நான் எப்ப சார் திரும்பி வந்தேன்?"

ரைட்டர் நிலையத்துக்கு நடந்தே வந்தார். இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"யோவ், எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி ஏன்யா நிக்கிற? பக்கத்து வரியில எழுத வேண்டியதைக் கைத்தவறா இவன் வரியில எழுதிட்டேன்னு ஒரு கடுதாசி குடு. நான் கையெழுத்துப் போடறேன். அவனுக்கு உதவி கிடைக்கும். உனக்கு ஒரு கண்டிப்போட போகும்."

ரைட்டரே அந்தக் கடிதத்தைத் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டார். ரைட்டர் அதை மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அவர்களும் மனிதர்கள்தான், உதவ ஒரு வழி கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தார்கள். அவர்களில் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி பதிலையே கேள்வியாக நீட்டினார்.

"கைத்தவறுதானேய்யா? அப்படித்தானே?"

ரைட்டர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இல்லீங்கய்யா. ஆளைப் பாக்காமதான் எழுதினேன். அவரு மாற்று ஆள் வராம அங்கயே நின்னுட்டு இருந்தாரு. இருபத்திரண்டு வருஷமா நான் இப்படித்தான் எழுதறேன்."

இப்படிக் கேட்ட பிறகு மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை.

மேலிடத்து விசாரணை முடிந்த பிறகு நெட்டையனுக்கு உதவி வந்தது. ஆனால் அதற்குள் மூன்று மாதம் தாண்டிவிட்டிருந்தது. இப்போது சக்கர நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருகிறார், அதற்கு மேல் முடிவதில்லை. லாரிப் பேச்சு அடங்கியது. காவலர்கள் இரண்டு பேருந்து மாறி வந்து முகம் காட்டிவிட்டு, ரைட்டரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். ரைட்டரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். போக இடம் எதுவும் அமையவில்லை.

சாமான் கட்டுகிற அன்று, சீருடைச் சட்டையை மடித்த அவர் மனைவியின் கையில் அந்தக் கடிதம் அகப்பட்டது. நின்றபடியே படித்தாள்.

"இது அன்னைக்கு உங்க பையிலயே இருந்துச்சா?"

"ம்."

"இதைக் குடுத்திருந்தா?"

"அவனுக்குக் கிடைச்சிருக்கும்."

"நமக்கு?"

"இந்த வீடு இருந்திருக்கும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம் ஏங்க?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேட்டாள்.

ரைட்டர் கயிற்றின் ஒரு நுனியை எடுத்து அவளிடம் நீட்டினார். "எழுந்திரு. கட்டிலைக் கட்டணும். அந்தப் பக்கம் பிடி."