சார்ட் பேப்பரில் இல்லாத ஒயர்

ராஜபாளையத்தில் நான் எலக்ட்ரீசியனாக இருந்த பஞ்சாலையை நினைத்தால், இப்போதும் சுவரில் ஒட்டிய ஒரு சார்ட் பேப்பர்தான் கண்ணில் நிற்கிறது.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினாலும் மனசு மில்லிலேயே கிடக்கும். நூல் அறாமல் இருக்க ஹாலில் ஈரப்பதம் காக்கிற பிளான்ட் என் பொறுப்பு. ஓடுதா, நின்னுருச்சா? பஸ் ஊர் தாண்டுவதற்குள் நாலு தடவை போன் போடுவேன். அடுத்த ஷிப்ட்காரர் அலுத்துப்போய், "ஏலே, மோட்டாரு என்ன ஒம் பிள்ளையா? முழிச்சிருக்கா தூங்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்க" என்பார்.

அதனால்தான் கேன்டீன் வைஃபை பெட்டியிலிருந்து பிளான்ட் கம்ப்யூட்டருக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு ஒயர் இழுத்தேன். பிறகு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போனிலேயே பார்த்துக்கொள்வேன். எம்புட்டு நிம்மதி!

அப்போதுதான் எல்லா மிஷினையும் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் சேர்க்க ஏற்பாடு நடந்தது. அது பாதுகாப்பா என்று பார்க்க ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். சுவரில் ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி வரைந்தார்: ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு வட்டம், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கோடு.

"வெளியாளு ஒருத்தன் பெரிய கம்ப்யூட்டரைத் தொடணும்னா குறைஞ்சது எத்தனை வட்டம் தாண்டணும்னு எண்ணுவேன். கூடக்கூட நல்லது" என்றார். விரல் வைத்து எண்ணினார். "அஞ்சு."

மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் பேப்பரையே பார்த்தேன். பேப்பரில் கேன்டீன் வட்டம் ஒரு மூலையில் தனியாக இருந்தது. பிளான்ட் வட்டம் பெரிய கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடுவில் இருக்கவேண்டிய கோடு எனக்கு மட்டும் தெரிந்தது. கேட்காமல் ஒயர் இழுத்தவன் கேட்டுக்கு வெளியே என்று அந்த வாரம்தான் மேனேஜர் சொல்லியிருந்தார். ஒன்பதாவது படித்தவனை வேறு எந்த மில்லில் சேர்ப்பார்கள்?

அந்த அம்மா பேனாவை மூடப்போனார். என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"மேடம், இதுக்கும் இதுக்கும் ஒரு ஒயர் போகுது."

"யாரு போட்டது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். மோட்டாரு நின்னுருமோங்கிற பயத்துல போட்டேன்."

"பயந்தவன் கதவைச் சாத்துவான். நீரு தொறந்துல்லா வச்சிருக்கீரு!"

அந்த அம்மா சிவப்பில் கோடு போட்டு மறுபடி எண்ணினார். "ரெண்டுதான்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லலைன்னா அஞ்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன் அண்ணே" என்றார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மொதல்ல அதைப் பிடுங்கும். பொறவு அந்த அம்மாவோட மில் பூரா நடந்து, வேற எவன் எவன் இப்படிப் பயந்திருக்கான்னு பாரும்."

வேலை போகவில்லை. மத்தியானம் பூரா நடந்தோம். இன்னும் இரண்டு ஒயர் கிடைத்தது. ஒன்றைப் பிடித்துக்கொண்டே போனால், அது மேனேஜர் அறைக்குள் நுழைந்து அவர் மேஜைக்கு அடியில் முடிந்தது.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றார் அந்த அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இன்னைக்கு நான் ஒண்ணு சொல்லியாச்சு மேடம். இதுக்கு நீங்க கோடு மட்டும் போட்டுருங்க."