மொம்பாசா வரை போகும் பெட்டி

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக்குக் கல்விக் கடன் கேட்டுப் போனேன். டெல்லியில் சர்வதேச உறவுகள் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது.

மேலாளர் படிவத்தைப் பார்த்தார். "படிச்சு முடிச்சா சம்பளம் எம்புட்டும்மா வரும்?"

எனக்கும் தெரியாது. படிவத்தில் சம்பளம் கேட்ட கட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சம்பளத்தை எழுதியிருந்தேன்: ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனி அலுவலகத்தில் இப்போது நான் வாங்குவதை.

கால்குலேட்டரைத் தட்டினார். "மாசத் தவணையே இதவிடக் கூட வருதும்மா. உள்ளூர்ல பி.எட். படியேன், இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்."

"யோசிச்சிட்டு வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

வழியில் எங்கள் பேக்கிங் செக்‌ஷன் செல்வி அக்கா போன் செய்தார். "ஏட்டி, உகாண்டா போற பெட்டியில எந்தத் துறைமுகம்னு எழுத?"

"உகாண்டாவுல கடலே கிடையாதுக்கா. பக்கத்து நாடு கென்யாவுல இருக்க மொம்பாசான்னு எழுதுங்க. அங்கருந்து லாரியில போகும்."

"நேர்ல பாத்தவ மாதிரில்லா சொல்லுத!"

வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்ததோடு சரி. ஜன்னலுக்கு வெளியே மலை மட்டும் கூடவே வந்தது.

பெட்டியிடம் யாரும் சம்பளம் கேட்பதில்லை. அது பாட்டுக்குப் போகிறது.

நண்பர்களில் யாராவது மொம்பாசாவில் இருக்கிறீர்களா? எங்கள் பெட்டி வந்து இறங்கும்போது ஒரு போட்டோ அனுப்புங்கள். படத்தில் பெட்டி சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் கடல் தெரிந்தால் போதும்.