வார்த்தை இல்லாத பாட்டாம்

அந்த வெள்ளைக்காரப் பாடகி என் பாட்டை எடுத்துக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. எடுத்ததோடு நிற்காமல், அந்தப் பாட்டுக்கு வார்த்தையே கிடையாது என்று தன் ரேடியோவில் பொய்யும் சொன்னாள்.

நாங்கள் பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. பெண்கள் வரிசையாகக் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டே போவோம். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் தண்ணீரில் இருக்கும்போது பாட்டை மூக்காலேயே முனகுவோம். கரையேறி, பறியை இறக்கி, இறாலைத் தரம் பிரிக்கும்போதுதான் வார்த்தை வரும்.

அவள் வந்த அன்று கரையில் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தாள். கூட வந்த சென்னை அம்மா, அவள் பேசியதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். அப்பா லாரி ஓட்டியவராம். சின்ன வயதிலேயே நடன அரங்குகளில் பாடப் போனாளாம். ஒரே ஒரு பாட்டு, நாடே பாடியதாம். பிறகு தொண்டை கெட்டுப்போய்விட்டதாம். உடனே ரேடியோக்காரர்கள் கூப்பிட்டு, "நீ பாடவேண்டாம், பேசினால் போதும்" என்று மைக்கைக் கொடுத்தார்களாம். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே அவள் பேச்சைக் கேட்கிறதாம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

என் ஓரகத்தி என் விலாவில் இடித்தாள். "பாத்தியாக்கா, தொண்ட போனாக்கூட அங்க நாற்காலி போட்டுக் குடுக்கறானுங்க. உனக்குத் தொண்ட இருந்து இன்னா பிரயோஜனம்?"

ஓரகத்தி சொன்னது குத்தியது. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பாலைவனத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் நானும் மைக் பிடித்தேன். ஒரு பாட்டு முடியவில்லை, நைனா வந்து பிடுங்கிவிட்டார். "பாட்னா வயிறு ரொம்புமா? போய் பந்தில தண்ணி ஊத்து" என்றார். நான் போய் ஊற்றினேன். என் பாட்டுத் தொழில் அத்தோடு முடிந்தது. நீ எப்படிப் பாட வந்தாய் என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. அந்தப் பாடகியும் கேட்கவில்லை.

பிறகு அவளும் எங்களோடு தண்ணீரில் இறங்கினாள். கையை உயர்த்தி ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு எங்கள் முனகலைப் பதிவு செய்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் சிப்பி ஓடு அவள் காலைக் கிழித்துவிட்டது. உடனே ஓட்டம், கூச்சல், ஆஸ்பத்திரிக்குக் கார். எங்கள் பாதத்தில் வெட்டு இல்லாத இடமே கிடையாது. அதற்கு எந்தக் காரும் வந்ததில்லை. நாங்கள் கரையேறி வாயைத் திறந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

சில மாதம் கழித்து அவளுடைய ரேடியோ நிகழ்ச்சியைச் சென்னை அம்மா ஓரகத்தியின் போனுக்கு அனுப்பினார். முதலில் அவள் பேச்சு. பிறகு எங்கள் முனகல், அதில் என் மூக்குக் குரலை நானே கண்டுபிடித்தேன். அப்புறம் அதே மெட்டை அவள் பியானோவோடு பாடுகிறாள், வெறும் "ம்ம்" என்று. கெட்டுப்போன தொண்டைதான், ஆனாலும் நன்றாகப் பாடியிருக்கிறாள். அதனால்தான் வயிறு எரிகிறது. அவள் பேசியதைச் சென்னை அம்மா தமிழில் சொல்லி அனுப்பியிருந்தார். தன் கால் கிழிந்த கதையைச் சொன்னாளாம். இது சேறும் தண்ணீரும் பாடுகிற பாட்டு, இதற்கு வார்த்தை கிடையாது என்றாளாம்.

சேறா பாடியது? நான் கட்டிய பாட்டு அது.

மீசைய முறுக்கினு நிக்கிறியே மாப்பிள்ள,
முன்னால வான்னா பின்னால ஓடுறியே!

இறால் பின்பக்கமாகத்தான் பாயும். என் மாமியார் குரலை உயர்த்தினால் என் வீட்டுக்காரரும் அப்படித்தான். இது யாரைப் பற்றிய பாட்டு என்று கரையில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் தெரியும். அவர் மட்டும் இறாலைப் பற்றியது என்று நினைத்துத் தலையாட்டிக் கேட்பார்.

"உடுக்கா," என்றாள் ஓரகத்தி. "வார்த்தய உட்டுட்டு உன் புருசன் மானத்த காப்பாத்திச்சு அந்த வெள்ளக்காரம்மா."

நான் சென்னை அம்மாவுக்குப் போன் போட்டேன். "வார்த்த இருக்குன்னு நீங்க அவங்களுக்குச் சொல்லலியா?"

"அவங்க கேக்கலையேம்மா."

"இப்ப சொல்லுங்க."

"நிகழ்ச்சிதான் முடிஞ்சிடுச்சே. உங்களுக்குத் தனியா ஒரு நன்றி அனுப்பச் சொல்றேன்."

தனியாக வருகிற நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வெள்ளைக்காரம்மா, பொய்யை ஊர் கேட்கச் சொன்னாய் அல்லவா, பதிலையும் ஊர் கேட்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மைக்கில் சொல்: அந்தப் பாட்டுக்கு வார்த்தை உண்டா, இல்லையா? உண்டென்றால் கட்டியது யார்?